சம்பந்தி வீட்டு மால்ட்ஸ்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. ஆறும் இப்போது தங்கள் காலில் நிற்குதுகள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், கையெழுத்து வைப்பேன். இருபத்திரண்டு வருடம் ஸ்டுட்கார்ட்டில் ஒரு பெரிய கட்டடத்தைக் கூட்டித் துடைத்தேன். ஒரு மூலை ஊத்தை என்று ஒருவரும் சொன்னதில்லை. இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி போனில் தட்டுகிறாள். எழுத்து அவளுடையது, கதை என்னுடையது.

இது பியர் காய்ச்சின கதை. நான் பியர் குடிக்கிறவள் இல்லை. ஆனால் பியருக்குப் போடுகிற தானியத்தை இந்த ஊரில் எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்க ஏலாது என்று இப்போது என்னைக் கேட்டால் சொல்லுவேன்.

நான் இருப்பது கடைசி மகளோடு. மருமகன் இந்த நாட்டுப் பிள்ளை. என்னை மாமி என்றுதான் கூப்பிடுவார். அவருக்குத் தெரிந்த தமிழ் பத்துப் பதினைந்து சொல். அதில் பாதி என் மூத்த மகன் பழக்கின கூடாத சொல். அவருடைய தாய் மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் தனிய இருக்கிறா. சம்பந்தி என்றால் என்ன உறவு என்று கலியாணத்தின்போது மகள் அவவுக்கு விளங்கப்படுத்தினாள். டொச்சில் அப்படி ஒரு சொல்லே இல்லையாம். அன்றிலிருந்து நானும் சம்பந்தி, அவவும் சம்பந்தி. அவ அதைச் சொல்லும்போது நாலு கல்லை வாய்க்குள் போட்டுச் சொல்லுகிற மாதிரி இருக்கும், ஆனால் விடாமல் சொல்லுவா.

பதினாறு வருடமாக இரண்டு பேரும் மாறி மாறிப் போய் வருகிறோம். நான் வெறுங்கையோடு போனதில்லை. பயித்தம் பணியாரம் கொண்டு போனால் அவ அடுத்த முறை அப்பிள் கேக்கோடு வருவா. அவ கேக் கொண்டு வந்தால் நான் அடுத்த முறை இரண்டு தினுசு பலகாரம் கொண்டு போவேன். சிரித்துக்கொண்டுதான் செய்கிறது. ஆனாலும் அவவின் முன்னால் நான் தலை குனிந்து நின்றதில்லை, அவவும் என் முன்னால் நின்றதில்லை. பிள்ளை குடுத்த இடம். அது அப்படித்தான் இருக்க வேணும்.

அவவின் மனிதர், என் மருமகனின் தகப்பன், வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். செத்து இரண்டு வருடம். போன வைகாசியில் அவவுக்கு எழுபதாவது பிறந்தநாள் வர இருந்தது. அந்தக் கொண்டாட்டத்துக்கு அவர் காய்ச்சின அதே பியரைத் தான் காய்ச்சி வைக்கிறது என்று சம்பந்தி முடிவெடுத்தா. வைகாசியில் குடிக்க வேணும் என்றால் பங்குனியிலேயே காய்ச்சிப் போத்தலில் அடைத்து வைக்க வேணும். ஒரு சனிக்கிழமையைக் குறித்தா. அன்றைக்குத்தான் மருமகனுக்கும் லீவு. அதை விட்டால் பிறகு அவர் ஒரு மாதம் வேலையாக வெளியூர்.

அந்தப் பியருக்கு வேண்டிய தானியம், மால்ட்ஸ் என்று சொல்லுவினம், பத்துக் கிலோ சாக்கு ஒன்று எங்கள் வீட்டு விலாசத்துக்கு வந்தது. மருமகன் காரில் கொண்டு போகிறதாக ஏற்பாடு. அதை அவர் வீட்டுக்குக் கீழே இருக்கிற கெல்லர் அறைக்குள் வைத்தார். இது ஒன்றும் எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது வேறு. டார்ம்ஸ்டாட்டில் இருக்கிற என் இளைய மகனின் பிள்ளைக்கு ஆறாம் மாதம். சோறு தீத்தியாயிற்று. இனிச் சத்துமா குடுக்க வேணும். "பிள்ளைக்கு மா செய்யிறதுக்குத் தானியம் வாங்கி வை" என்று மகளிடம் இரண்டு கிழமைக்கு முன்னமே சொல்லியிருந்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டு "ஓம் அம்மா" என்றாள்.

ஒருநாள் மிளகாய்த்தூள் எடுக்கக் கெல்லருக்குப் போனால் கடுதாசிச் சாக்கு ஒன்று இருக்கிறது. டொச்சில் ஏதோ அச்சடித்திருக்கிறது. வாயை நூலால் தைத்திருந்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் கழன்று வருகிற தையல் அது. கழற்றிப் பார்த்தேன். உமியோடு பார்லி. ஒன்றை எடுத்துக் கடித்தேன். நொறுக்கென்று உடைந்தது, உள்ளே இனிப்பு. முளைக்க வைத்துக் காயவிட்ட தானியம் என்று நாக்கு சொல்லிற்று. பிள்ளை கெட்டிக்காரி, தாய்க்கு வேலை வைக்காமல் முளைகட்டினதாகவே வாங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் வேலை. தாச்சியில் போட்டு வாசம் எழும்பும் மட்டும் வறுத்தேன். பயறு, உழுந்து, கடலை, கொஞ்சம் சிவப்பரிசி எல்லாம் தனித்தனியாக வறுத்தேன். மெஷினில் திரித்து அரிதட்டில் மூன்று தரம் அரித்து உமியைப் போக்கினேன். நிறம் நல்ல தேன் நிறம். டார்ம்ஸ்டாட்டுக்குப் பெரிய போத்தல் இரண்டு, மியூனிக்கில் இருக்கிற மூத்த மகனுக்கு ஒன்று, கோயிலுக்கு வருகிற சனத்தில் சின்னப் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கும் குடுத்தேன். ஏழு வீடு. சாக்கை மடித்து வைத்தேன், நூலையும் சுற்றி வைத்தேன். நான் ஒன்றையும் எறிகிறவள் இல்லை.

புதன்கிழமை பின்னேரம் மகள் கெல்லரில் இருந்து மேலே வந்தாள்.

"அம்மா, கீழ ஒரு பேப்பர்ச் சாக்கு இருந்தது, எங்க?"

"வறுத்துத் திரிச்சாச்சு."

"என்னது?"

"மா, பிள்ளை. நீதானே வாங்கினனீ. ஏழு வீட்டுக்கும் குடுத்தாச்சு. நல்ல வாசம்."

மகள் கதிரையில் இருந்துவிட்டாள். "ஐயோ அம்மா. அது என்ர மாமின்ர பியருக்கு வந்தது."

மருமகன் வந்தார். அவள் சொன்னதைக் கேட்டார். காது இரண்டும் சிவந்தது. குசினித் தட்டில் மிஞ்சியிருந்த ஒரு போத்தலைத் திறந்து ஒரு கரண்டி மாவை அள்ளி வாயில் போட்டு மென்றார். பிறகு தமிழில் சொன்னார், "நல்லாயிருக்கு மாமி." அதற்குப் பிறகு டொச்சில் மகளோடு கதைத்தது எனக்கு முழுக்க விளங்கவில்லை. மகள் சொல்லித்தான் அறிந்தேன். அந்த மால்ட்ஸைச் செய்கிறவர் ஒரு வயதான மனிதர். சொல்லி வைத்தால்தான் செய்வார், மூன்று கிழமை செல்லும். வேறு இடத்தில் இன்டர்நெற்றில் எடுத்தாலும் திங்களுக்கு முந்தி வராது. காய்ச்சுகிறது சனிக்கிழமை.

"நான் அம்மாக்குப் போன் எடுத்துச் சொல்லுறன்" என்று டொச்சில் சொல்லிக்கொண்டு மருமகன் எழும்பினார்.

"வேண்டாம்" என்றேன். "ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. சனிக்கிழமைக்குள்ள பத்துக் கிலோவும் நான் வைக்கிறன்."

"எங்கயிருந்து அம்மா வைப்பியள்?" என்றாள் மகள்.

"தானியம் தானே. கடையில இல்லாமல் வானத்திலயோ இருக்கு?"

புதிதாக முளைகட்ட நாள் காணாது என்று எனக்குத் தெரியும். ஊற ஒரு நாள், இந்தக் குளிரில் முளைக்க நாலைந்து நாள், காய இரண்டு நாள். முளைத்ததைத்தான் தேட வேணும். சாக்கின் அடி மடிப்பில் ஒரு கைப்பிடி தானியம் தங்கியிருந்தது. அதைக் கடுதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். சட்டைத் துணியைக் கொண்டுபோய் நூல் பொருத்துகிற மாதிரிப் பொருத்தலாம். சில்லு வைத்த பையை இழுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலையில் வெளிக்கிட்டேன்.

மருமகன் சொன்ன கடை, வீட்டில் பியர் காய்ச்சுகிற ஆக்களுக்குச் சாமான் விற்கிற இடம், இரண்டு ட்ராம் மாறிப் போக வேணும். போனேன். அங்கே இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். உள்ளே இருந்த பிள்ளை என் கையைப் பார்த்துவிட்டு இருக்கச் சொன்னாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அடுத்தது எங்கள் தமிழ்க்கடை. கடைக்காரத் தம்பி நான் சுற்றி வைத்திருந்ததை விரித்துப் பார்த்தான்.

"பார்லி இருக்கு அம்மா. சலக்கடுப்புக்கு அவிச்சுக் குடிக்கவோ?"

அவன் எடுத்துத் தந்த பைக்கற்றைப் பார்த்தேன். உமியும் இல்லை, முளை வருகிற மூக்கும் இல்லை. தீட்டி உருட்டி வெள்ளையாக்கினது. "தம்பி, இது மொட்டை. எனக்கு முளைச்சது வேணும்."

"முளைச்ச பார்லி என்னத்துக்கு?"

"பியர் காய்ச்ச."

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தம்பிக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை. "அம்மாவும் தொடங்கிட்டியளோ? கோயில் தலைவருக்குச் சொல்லட்டோ?"

"சொல்லு. அவருக்கும் ஒரு போத்தல் குடுக்கிறன் எண்டு சேர்த்துச் சொல்லு."

அவன் மேல்தட்டில் இருந்து மால்ட் குடிக்கிற தூள் ரின் ஒன்றை இறக்கினான். பாலில் கரைக்கிறது. அதில் பாதி சீனி. இறக்கினதை ஏற்றச் சொல்லிவிட்டு நடந்தேன்.

இயற்கைச் சாமான் விற்கிற கடை ஒன்றில் ஒரு பெண் மிகவும் மரியாதையாகத் தேடினாள். மால்ட்ஸ் என்று எழுதின இரண்டு சாமான் காட்டினாள். ஒன்று பாணுக்குப் போடுகிற மா, கைக்குள் அடங்குகிற சின்னப் பைக்கற். மற்றது கோப்பிக்குப் பதிலாகக் குடிக்கிறது. திறந்து மணக்கத் தந்தாள். கரி. அதை வறுத்தவன் என்னை விட மோசம்.

திரும்பி வரும் வழியில்தான் மகள் போனில் இன்னொரு குண்டைப் போட்டாள். சாக்கோடு ஒரு வெள்ளிப் பைக்கற்றும் வந்ததாம், பச்சைக் குளிசை மாதிரி. நினைவு வந்தது. அதையும் வெட்டி மணந்து பார்த்துவிட்டு, கசப்பு மருந்து என்று திறந்தபடியே வைத்திருந்தேன். அது ஹொப்ஃபன் என்கிற பூவாம், பியருக்குக் கசப்புக் குடுக்கிறது, காற்றுப் பட்டால் பழுதாம். அந்தப் பூ மருந்துக்கடையில் இருக்கும் என்று மகள் சொன்னதால் அங்கேயும் போனேன். இருந்தது. நித்திரைக்குத் தேநீர் போட்டுக் குடிக்கிறதாம்.

"நித்திரை வரவில்லையா?" என்று மருந்துக்கடைப் பெண் கேட்டாள்.

"இந்தக் கிழமை வரேல்லை" என்றேன். பொய் இல்லை.

வியாழன் முடிந்தபோது என் பைக்குள் இருந்தது அந்தப் பூ மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை மரக்கறிச் சந்தைக்குப் பின்னால் உள்ள தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன பியர்ச்சாலை இருக்கிறது. முன்னுக்குக் குடிக்கிற இடம், பின்னுக்குக் காய்ச்சுகிற இடம். வேலைக்குப் போகும்போது பதினைந்து வருடம் அந்தத் தெருவால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள் நான். கடைசியாக மிஞ்சின சத்துமாப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டேன். கேட்டுப் போகிற இடத்துக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது.

பின்கதவைத் தட்டினேன். ரப்பர்ச் சப்பாத்துப் போட்ட ஒரு பொம்பிளை வந்தா. நாற்பது வயது இருக்கும். அவதான் அங்கே காய்ச்சுகிறவ. நான் அவவோடும் பிறகு சம்பந்தியோடும் கதைத்தது உடைந்த டொச். இங்கே அதை நேராக்கிச் சொல்லுகிறேன்.

கடுதாசியை விரித்துக் காட்டினேன். "இது பத்துக் கிலோ வேணும்."

அவ ஒன்றை எடுத்துக் கடித்தா. "இது எங்க எடுத்தது?"

"கெல்லரில."

"மிச்சம்?"

"மிச்சம் இதுக்குள்ள" என்று போத்தலைக் குடுத்தேன்.

அவவுக்கு எல்லாம் சொன்னேன். தெரியாத மனிசிக்குச் சொல்லுகிறது சுகம். அவ விரலால் மாவைத் தொட்டு நக்கினா. பிறகு ஒரு கரண்டி தேடி எடுத்துக்கொண்டு வந்து சாப்பிட்டா. "நல்லா வறுத்திருக்கிறியள். இதை நீங்கள் மாவாக்காமல் வறுத்ததோட திருப்பிக் குடுத்திருந்தாலும் பியர் வராது. மால்ட்ஸை இளஞ்சூட்டில காய விடுறது மட்டும்தான். வறுத்தால் மாச்சத்தை இனிப்பாக்கிற உயிர் செத்துப் போகும்."

"எங்கட ஆக்கள் வறுக்காமல் ஒண்டும் திரிக்க மாட்டினம்" என்றேன்.

அவ சிரித்தா. சாக்குகள் அடுக்கின அறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. நாலைந்து சாக்கில் கையை விட்டு விட்டுக் காட்டினா. நானும் கடித்துப் பார்த்தேன். ஒன்று வெளிறல், ஒன்று கசப்பு. மூன்றாவது கிட்ட வந்தது. நிறம் அச்சு அசல். ருசி ஒரு நூல் வித்தியாசம்.

"இதுதான் கிட்டடி" என்றா. "சனங்களுக்குத் தெரியாது. முப்பது வருசம் அந்தப் பியரோட இருந்த ஆளுக்குத் தெரியும்."

பத்துக் கிலோ நிறுத்துத் தந்தா. என்னுடைய மருந்துக்கடைப் பூவைப் பார்த்துவிட்டு, இது பழையது, குடித்துவிட்டுப் படுங்கோ என்று சொல்லி, நல்ல ஹொப்ஃபனும் தந்தா. நான் காசைக் குடுத்துவிட்டுப் பையை இழுத்துக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் அந்தத் தானியத்தைப் பழைய சாக்குக்குள் கொட்டினேன். சுற்றி வைத்த நூலை எடுத்து, அதே ஓட்டைகளுக்குள்ளால் ஊசியைக் கோத்துத் தைத்தேன். அவசரப்படவில்லை. மெஷின் தையல் மாதிரியே வந்தது. மகள் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்கள் காசுத்தாளும் அடிப்பியள்" என்றாள். மருமகன் "மாமி, பேசாமல் இருப்பம்" என்று டொச்சில் சொன்னார். சரி என்றேன்.

சனிக்கிழமை காலையில் சம்பந்தி வீட்டில் எல்லாம் ஆயத்தம். பின்பக்கக் கொட்டிலில் கோயில் கிடாரம் மாதிரி ஒரு கிடாரம், தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. மேசை விளிம்பில் தானியம் உடைக்கிற கைமெஷினைப் பூட்டியிருந்தா. மனிதர் அளவுகள் எழுதி வைத்த பழைய கொப்பி திறந்து கிடந்தது. சம்பந்தி அவருடைய ஏப்ரனைக் கட்டியிருந்தா. அது அவவுக்கு நீளம்.

சாக்கை மேசையில் வைத்தோம். அவ கத்தரிக்கோலால் தையலை வெட்டினா. தையலைப் பார்க்கவே இல்லை. உள்ளே கையை விட்டு ஒரு மணியை எடுத்துக் கடித்தா, நான் கடித்த மாதிரியே. மென்றா. இன்னொன்றைக் கடித்தா. பிறகு கையில் இருந்ததைத் திரும்பச் சாக்குக்குள் போட்டா.

"இது அவற்ர மால்ட்ஸ் இல்லை."

மருமகன் கிடாரத்தைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் சாக்கைப் பார்த்தேன்.

"நிறம் சரி. இது வேற" என்றா சம்பந்தி. "முப்பது வருசம் அந்த மனுசனிட்டத்தான் எடுத்தனாங்கள். இப்ப புருசன் இல்லை, கிழவிக்கு என்ன தெரியும் எண்டு வேற எதையோ அனுப்பியிருக்கிறான்."

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதை இந்தக் கதையில் மறைக்க மாட்டேன். அவ மூக்குக்கண்ணாடியைப் போட்டா, போனை எடுத்தா, நம்பரை அமத்தினா. அங்கே மணி அடிக்கிறது எங்களுக்கும் கேட்டது. ஒரு வயதான குரல் வந்தது. சம்பந்தி வணக்கம் கூடச் சொல்லவில்லை. நீ என்னை ஏமாற்றிப்போட்டாய் என்றா.

அந்த டொச் சொல் எனக்குத் தெரியும். வேலை செய்த இடத்தில் ஒருக்கால் என்னைப் பார்த்துச் சொன்ன சொல், நான் செய்யாத ஒன்றுக்கு. செய்தவள் பக்கத்தில் வாளியோடு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அவளுடைய முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

"சம்பந்தி, போனை வையுங்கோ" என்றேன். "அந்த மனுசன் சரியாத்தான் அனுப்பினவர். நான்தான் எடுத்தனான். பிள்ளைக்கு மா திரிச்சுப் போட்டன். இது நான் வேற இடத்தில வாங்கி வந்து தைச்ச சாக்கு."

அவ போனை மேசையில் வைத்தா. நிப்பாட்டவில்லை. அதற்குள் இருந்து அந்தக் கிழவர் ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

"எல்லாமோ?"

"எல்லாம்."

"பத்துக் கிலோவும்?"

"பத்துக் கிலோவும்."

"பிள்ளை சாப்பிட்டதோ?"

"ஏழு வீட்டுப் பிள்ளையள் சாப்பிடுதுகள்."

அவ ஏப்ரனில் கையைத் துடைத்தா. துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. கனநேரம் துடைத்தா. அவவுக்குக் கோபம் வந்தால் கழுத்து சிவக்கும், அன்றைக்குச் சிவந்தது. "முதலே சொல்லியிருக்கலாம்" என்றா. "ஓம்" என்றேன். மன்னிப்பு என்ற சொல்லையும் சொன்னேன். டொச்சில் அதை நான் ட்ராமில் ஆளை இடித்தால் மட்டும் சொல்லுகிறது. அன்றைக்கு நின்று சொன்னேன். தலையைக் குனியவில்லை, அவவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

பிறகு அவ போனை எடுத்து அந்தக் கிழவரிடம் தானும் மன்னிப்புக் கேட்டா. உன்னுடைய மால்ட்ஸை ஸ்டுட்கார்ட்டில் குழந்தைகள் சாப்பிட்டுவிட்டார்கள் என்றா. அவர் நீளமாக ஏதோ சொன்னார். சம்பந்தியின் வாய் ஓரம் துடித்தது.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"பிள்ளையளுக்கு எண்டால் அடுத்த முறை வெளிறின மால்ட்ஸ் எடுக்கட்டாம். வயித்துக்கு நல்லதாம்."

தண்ணீர் சூடாகிவிட்டது. அதை வீணாக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. "வந்ததைக் காய்ச்சுவம்" என்றா சம்பந்தி. மருமகன் மெஷினைச் சுற்றி உடைத்தார், மகள் சூடு பார்த்தாள், நான் நீட்டு அகப்பையால் துழாவினேன். கொதிக்க விடக் கூடாது, ஆற விடவும் கூடாது. பாயசம் துழாவின கைக்கு அது பெரிய வேலை இல்லை. வடித்த சக்கை பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போனது. வடித்த சாற்றில் ஹொப்ஃபனைப் போட்டுக் கொதிக்க வைத்து, பின்னேரம் ஆறு மணிக்கு வாளிக்குள் ஆறவிட்டு மூடினோம். இடையில் சம்பந்தி எனக்கு ரீ போட்டுத் தந்தா. வழக்கமாகச் சீனி எவ்வளவு என்று கேட்பா. அன்றைக்குக் கேட்காமல் இரண்டு கரண்டி போட்டா. சரியான அளவு.

வைகாசியில் பிறந்தநாள். அறுபது பேர் மட்டில் வந்திருந்தார்கள். சம்பந்தி கிளாசைத் தூக்கிக்கொண்டு எழும்பிச் சொன்னா, இது அவருடைய பியர் இல்லை, அவருடையதை அடுத்த வருடம் காய்ச்சுவேன், இது என் சம்பந்தியின் பியர் என்று. கதை முழுவதையும் தன் ஊர்ப் பேச்சில் சொன்னா. சனம் கண்ணீர் வரச் சிரித்தது. நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். வேப்பம்பூ வடகத்தின் கசப்பு இதை விடத் திறம். ஆனால் போத்தல் ஒன்றும் மிஞ்சவில்லை.

இதை ஏன் எழுதுவிக்கிறேன் என்றால், மியூனிக்கில் இருக்கிற என் மூத்த மகன் இந்தக் கதையை ஊரெல்லாம் வேறு மாதிரிச் சொல்லித் திரிகிறான். "அம்மா கள்ளத்தையல் தைச்சுப் பிடிபட்டிட்டா" என்கிறான். போன கிழமை கோயிலில் ஒரு பொம்பிளை என்னிடமே வந்து, "அக்கா, மால்ட்ஸோட பிடிபட்டனீங்களாமே" என்று கேட்டா. கள்ளத்தையல் தைத்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. பிடிபட்டது பொய். தையலை அவ பார்க்கவே இல்லை, என் மேல் ஒரு சந்தேகமும் அவவுக்கு வரவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அந்தக் கிழவர்தான் கள்ளன். நான் வாயைத் திறந்து சொன்னேன்.

பிள்ளை, நீ தட்டினதை முதலில் இருந்து ஒருக்கால் வாசி பார்ப்பம். மெல்ல வாசி. போனை வைக்கச் சொன்ன இடம் வரும்போது நிப்பாட்டு. நான் சொன்னபடிதான் போட்டனியோ, உன்ர பெரிய மாமா சொல்லுறபடி போட்டனியோ எண்டு நான் கேக்க வேணும்.